முட்டைக்கு என்ன எண்?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மளிகைக் கடைக்குப் போய் "முட்டை கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "எத்தனை?" மிஞ்சிப் போனால், "வெள்ளை முட்டையா, நாட்டுக்கோழி முட்டையா?" என்பார். அதற்கு மேல் முட்டையைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் அதே முட்டை கப்பலேறும்போது கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஓட்டோடு இருக்கிறதா, உடைத்து எடுத்ததா? கருவுற்றதா, கருவுறாததா? சாப்பிடவா, குஞ்சு பொரிக்கவா? கோழி போட்டதா, வாத்து போட்டதா? பச்சையா, வேகவைத்ததா? உலர்த்திப் பொடியாக்கியதா? முழு முட்டையா, வெள்ளைக்கரு மட்டுமா? இவ்வளவுக்கும் விடை கிடைத்த பிறகு அந்த முட்டைக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அதற்கு எவ்வளவு வரி, எந்தச் சான்றிதழ், போய்ச் சேரும் நாடு அதை உள்ளே விடுமா விடாதா என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

விஞ்ஞானப் பத்திரிகையில் சுங்க இலாகா சமாசாரம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் உண்டு. எந்த வகைப்பாடும் நிலைத்து நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சோதனை இருக்க வேண்டும். 'இது அந்தப் பிரிவைச் சேர்ந்தது' என்று ஒருவர் சொன்னால், 'எப்படித் தெரியும்?' என்று மற்றவர் கேட்கத்தான் செய்வார். முட்டையைப் பொறுத்தவரை சில சோதனைகள் கண்ணாலேயே முடிந்துவிடும். சிலவற்றுக்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். ஒன்றிரண்டு, முட்டையை உடைக்காமல் முடியவே முடியாதவை!

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாம் முட்டை என்பதைச் சிங்களத்தில் ஒரு பெயரால் அழைப்பார்கள், அரபியில் வேறு பெயரால் அழைப்பார்கள். நாமக்கல் முட்டை கொழும்புக்கும் போகிறது, மஸ்கட்டுக்கும் போகிறது. 2023-ல் இலங்கையில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது அந்நாட்டு அரசு வணிகக் கூட்டுத்தாபனமே இந்தியாவிலிருந்து முட்டையை வரவழைத்தது. எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே பொருளை ஒரே விதமாகப் புரிந்துகொள்ள ஒரு பொது மொழி தேவை. அந்த மொழி எண்களால் ஆனது. 'ஹார்மனைஸ்டு சிஸ்டம்' என்பது அதன் பெயர்; சுருக்கமாக எச்.எஸ். என்பார்கள். பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பு இதைப் பராமரித்து வருகிறது. 1983-ல் ஒப்பந்தமாகி, 1988 ஜனவரி 1 முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பட்டியலில் 21 பகுதிகள், 97 அத்தியாயங்கள். உயிருள்ள விலங்குகளில் தொடங்கி, ஓவியங்களிலும் பழம்பொருள்களிலும் முடிகிறது. இடையில் 77-ஆவது அத்தியாயம் மட்டும் காலியாக இருக்கிறது. வருங்காலத்தில் தேவைப்படலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தனிம அட்டவணையில் மெண்டலீவ் காலி இடங்கள் விட்டுவைத்ததுபோல என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் அங்கே என்ன வரும் என்பதையும் கணித்துச் சொன்னார், இவர்கள் சொல்லவில்லை!

0407 21 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் 04. அது பால் பொருள்கள், பறவை முட்டைகள், தேன் ஆகியவற்றின் அத்தியாயம். அடுத்த இரண்டையும் சேர்த்து 0407 என்றால், ஓட்டோடு கூடிய பறவை முட்டைகள். கடைசி இரண்டையும் சேர்த்தால், கோழியின் முட்டை, புதியது, அடை வைப்பதற்கானது அல்ல என்று பொருள். நாமக்கல்லிலிருந்து உங்கள் தெருக் கடைக்கு வரும் அட்டைத் தட்டு முட்டைகள் கப்பல் ஏறினால் இந்த எண்ணில்தான் ஏறும். ஆறு இலக்கம் வரை உலகுக்குப் பொது. அதற்கு மேல் அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா 2003 முதல் எட்டு இலக்கங்களைப் பயன்படுத்துகிறது. நம் முட்டை 0407 21 00 ஆகிறது.

கோழி என்றால் எந்தக் கோழி? பட்டியலில் காலஸ் டொமெஸ்டிகஸ் என்ற விலங்கியல் பெயரே இருக்கிறது. பண்ணைக் கோழியும் நாட்டுக்கோழியும் இதே இனம்தான். ஆகவே கடையில் இரட்டிப்பு விலை சொல்லப்படும் நாட்டு முட்டைக்கும், வெள்ளை முட்டைக்கும் சுங்கத்தில் ஒரே எண். காடை முட்டையும் வாத்து முட்டையும் மட்டும் பக்கத்து எண்ணான 0407 29-க்குப் போகின்றன.

இப்போது முதல் பெரிய கேள்விக்கு வருவோம்: ஓடு இருக்கிறதா?

உலகச் சுங்கப் பட்டியலை எழுதியவர்கள் முட்டையைப் பிரிக்க இந்தக் கேள்வியைத்தான் முதலில் வைத்தார்கள். எனக்கு இது மிகச் சரியான தேர்வாகவே படுகிறது. விலை, தரம், சத்து என்று எதை வைத்துப் பிரித்தாலும் தகராறு வரும். ஓடு இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு வர வழியில்லை. ஓடு இருந்தால் 0407, இல்லையென்றால் 0408.

இதன் விளைவுகள் வேடிக்கையானவை. ஒரு முட்டையை ஓட்டோடு வேகவையுங்கள். அது 0407 90. இப்போது ஓட்டை உரித்துவிடுங்கள். உடனே 0408-க்குத் தாவிவிடும். ஏனென்றால், 'நீரில் வேகவைத்த, ஓடில்லாத முட்டை' அந்தத் தலைப்பில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதன்மேல் மிளகுத்தூளும் மசாலாவும் தூவித் தயாரித்துப் பொட்டலம் கட்டினால், அது நான்காம் அத்தியாயத்தையே விட்டு வெளியேறி, பலவகை உணவுத் தயாரிப்புகளுக்கான 2106-க்குப் போய்ச் சேருகிறது. முட்டை அதேதான், செய்த வேலைதான் கூடிக்கொண்டே போகிறது. இந்தப் பட்டியலின் உயிர்நாடி இதுவே. இயற்கையான நிலையில் இருக்கும் பொருள் முன்னால் வரும். மனிதன் கைபட்டுக் கைபட்டு மாறிய பொருள் பின்னால் போகும்.

இது வெறும் காகித விளையாட்டு அன்று. 2017 ஜூலையில் நம் நாட்டில் ஜி.எஸ்.டி. வந்தபோது, உள்நாட்டு வரிக்கும் இதே எண்களையே எடுத்துக்கொண்டார்கள். ஓட்டோடு கூடிய முட்டைக்கு வரி இல்லை. ஓடு நீக்கிய முட்டைக்கு 5 சதவீதம் விதிக்கப்பட்டது. மெல்லிய ஓடு ஒன்றுதான் வித்தியாசம்!

ஏற்றுமதியில் பணம் இன்னும் பெரிது. நாற்பதடிக் குளிர்சாதனக் கொள்கலன் ஒன்றில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் அடங்கும். எண் தவறாக எழுதப்பட்டு, அது துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். முட்டைக்கு ஒவ்வொரு நாளும் வயதாகிறது. மின்சாரச் செலவு, துறைமுக வாடகை, கெட்டுப்போகும் சரக்கு எல்லாம் கடைசியில் பண்ணைக்காரர் தலையில் விடியும்.

சரி, அடுத்த கேள்வி: பச்சையா, வெந்ததா? ஓட்டோடு இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வீட்டிலேயே நீங்கள் சோதிக்கலாம். இரண்டு முட்டைகளையும் மேசைமேல் சுழற்றி விடுங்கள். வெந்த முட்டை திடப்பொருள். ஓடு சுழலும்போது உள்ளிருப்பதும் ஒன்றாகச் சுழலும். பச்சை முட்டையில் ஓட்டுக்கும் உள்ளே உள்ள திரவத்துக்கும் பிடிப்புக் குறைவு. ஓடு சுழல, திரவம் பின்தங்கி இழுக்கும். ஆகவே அது தள்ளாடி மெதுவாகச் சுற்றும். இப்போது சுழலும் பச்சை முட்டையை விரலால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி, உடனே விட்டுவிடுங்கள். மறுபடியும் தானாகவே லேசாகச் சுழலத் தொடங்கும்! நீங்கள் நிறுத்தியது ஓட்டை மட்டும்தான். உள்ளே திரவம் இன்னும் சுழன்றுகொண்டே இருந்தது. ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே நிலைமம்தான் இது.

'புதியது' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மூழ்கிப் படுத்தால் புதியது, மிதந்தால் கூமுட்டை. இதிலும் இயற்பியல் உண்டு. புதிதாக இட்ட முட்டையின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 1.08 மடங்கு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக நாள்தோறும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. பருமன் மாறவில்லை, எடை குறைகிறது, ஆகவே அடர்த்தி குறைகிறது. ஒரு கட்டத்தில் அது நீரின் அடர்த்திக்கும் கீழே போக, முட்டை மிதக்கிறது.

பாட்டியின் 'புதியது' முட்டையின் வயதைக் குறிக்கிறது. சுங்கப் பட்டியலின் 'புதியது' வயதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. சமைக்காதது, உப்பிலிட்டோ வேறு விதமாகவோ பதப்படுத்தாதது என்பதுதான் அங்கே பொருள். கப்பலில் பத்து நாள் பயணம் செய்த முட்டையும் பட்டியலின்படி புதிய முட்டைதான். நேற்று உப்பில் ஊறவைத்த வாத்து முட்டை புதியதல்ல. அது 0407 90. ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு பொருள் தருவதை நீங்கள் இயற்பியலிலும் பார்த்திருப்பீர்கள். 'வேலை' என்ற சொல் வீட்டில் ஒன்றைக் குறிக்கிறது, பாடப் புத்தகத்தில் வேறொன்றைக் குறிக்கிறது அல்லவா?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, முட்டை கருவுற்றதா என்பது. 2012-ல் செய்த திருத்தத்தின்போதுதான் இது பட்டியலில் தனி எண் பெற்றது. உணவுப் பொருள்களின் நடமாட்டத்தைச் சரியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு கேட்டதன் பேரில் அப்போது பல எண்கள் பிரிக்கப்பட்டன. அதற்கு முன் சாப்பிடும் முட்டையும், குஞ்சு பொரிக்கும் முட்டையும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தன. ஒன்று இன்றைய சாப்பாடு. மற்றொன்று நாளைய பண்ணை. இரண்டையும் கூட்டிப் போட்டால் ஒரு நாட்டின் உணவு நிலைமை எப்படி விளங்கும்? இப்போது அடை வைப்பதற்கான கருவுற்ற கோழி முட்டை 0407 11.

சோதனை எப்படி? இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் பலமான விளக்கொளியைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஓடு ஒளியை ஓரளவு உள்ளே விடும். ஒரு வாரம் அடைகாத்த கருவுற்ற முட்டையாக இருந்தால், சிலந்தி வலைபோலச் செந்நிற இரத்தக் குழாய்கள் தெரியும். கருவுறாதது வெறுமனே மஞ்சளாக ஒளிரும். மெழுகுவத்திக் காலத்திலிருந்து வரும் முறை இது. கிராமங்களில் சூரிய ஒளியில் கையைக் குவித்துப் பார்ப்பதும் இதே முறைதான்.

ஆனால் வணிகத்துக்கு வரும் முட்டையை யாரும் ஒரு வாரம் அடைகாத்து அனுப்புவதில்லை. கருவுற்ற முட்டைக்குள் உயிரணுப் பிரிவு தாய்க்கோழியின் உடலுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. இட்ட முட்டையில் பல ஆயிரம் உயிரணுக்கள் இருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடியும் ஏறக்குறைய 37.5 டிகிரி வெப்பம் கிடைத்தால்தான் தொடரும். அந்த உறக்க நிலையில் விளக்கைப் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. உடைத்துப் பார்த்தால், மஞ்சள்கருவின் மேல் உள்ள வெண்புள்ளி வளையம்போல இருக்கிறதா, ஒழுங்கற்ற சிறு புள்ளியாக இருக்கிறதா என்பதை வைத்துச் சொல்லலாம். உடைத்த பிறகு அது 0407-ஏ அல்ல! ஒன்றை அளக்கப் போய் அதையே மாற்றிவிடும் இந்தச் சங்கடம் இயற்பியலாளர்களுக்குப் பழகிய ஒன்றுதான்.

அப்படியானால் அதிகாரி என்ன செய்வார்? மாதிரிக்குச் சிலவற்றை உடைக்கலாம். பெரும்பாலும், முட்டை எங்கே பிறந்தது என்பதற்கான ஆவணங்களை நம்ப வேண்டியிருக்கிறது. நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் கூண்டுகளில் இருப்பவை பெட்டைகள் மட்டுமே, சேவல் கிடையாது. அங்கே கருவுற்ற முட்டை வர வழியே இல்லை. குஞ்சு பொரிப்பகங்களுக்கு முட்டை தரும் தாய்க்கோழிப் பண்ணைகளில் சேவல்களும் உண்டு. எனவே பண்ணையின் சான்று, கால்நடை மருத்துவரின் சான்று ஆகியவையே இங்கே சோதனைக் கருவிகள்.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? கருவுற்ற முட்டையோடு தாயின் நோயும் வரலாம். ஒரு முட்டையிலிருந்து ஒரு பண்ணைக்கே பரவலாம். இந்தியாவில் கால்நடை இறக்குமதிச் சட்டம் 1898-லிருந்தே இருக்கிறது. சாப்பிடும் முட்டைக்கும் அச்சம் இல்லாமல் இல்லை. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதும் பல நாடுகள் இந்தியக் கோழிப் பொருள்களுக்குக் கதவைச் சாத்தின. நவாப்பூர் எங்கே, நாமக்கல் எங்கே! ஆனாலும் அடி இங்கேயும் விழுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில், வெப்பத்தில் பதப்படுத்திய முட்டைப் பொடிக்கும் ஓட்டு முட்டைக்கும் ஒரே சட்டம் போடலாமா என்ற கேள்வி எழுகிறது. வெப்பம் வைரஸை அழித்துவிடும். இரண்டுக்கும் எண் தனித்தனியாக இருந்தால்தான் விதியையும் தனித்தனியாக வைக்க முடியும்.

பொடி என்றதும் ஈரோடு நினைவுக்கு வருகிறது. அங்கே முட்டையை உடைத்து, உலர்த்தி, பொடியாக்கி ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 55 கிராம் முட்டையில் ஓடு சுமார் 6 கிராம், வெள்ளைக்கரு 33, மஞ்சள்கரு 16. வெள்ளைக்கருவில் 88 சதவீதம் நீர். மஞ்சள்கருவில் பாதி நீர். நீரை நீக்கினால் மிஞ்சுவது முறையே 4 கிராமும் 8 கிராமும். ஆக 12 கிராம். 55 கிராமைக் கப்பலில் ஏற்றுவதற்குப் பதில் 12 கிராமை ஏற்றினால் போதும். உடையாது, குளிர்சாதனச் செலவும் மிச்சம். ஒரு கிலோ பொடிக்கு எத்தனை முட்டை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். எண்பதுக்குச் சற்று மேல் வரும்.

எப்படி உலர்த்துகிறார்கள்? அடுப்பில் வைத்தால் ஆம்லெட் ஆகிவிடும். ஆகவே திரவத்தை மிக நுண்ணிய துளிகளாகச் சூடான காற்றில் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவத்தை ஒரே உருண்டையாக நினைத்துக்கொண்டால் அதன் மேற்பரப்பு சுமார் 480 சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறினால், எல்லாத் துளிகளின் மேற்பரப்பும் சேர்ந்து 60 சதுர மீட்டர் ஆகிவிடும். அதாவது சுமார் 650 சதுர அடி. அம்பத்தூரில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டின் தரை அளவு! அவ்வளவு பரப்பிலிருந்து நீர் ஒரே நேரத்தில் ஆவியாவதால் சில விநாடிகளில் வேலை முடிகிறது. ஆவியாதல் துளியிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், சுற்றிலும் காற்று கொதித்தாலும் துளி அவ்வளவாகச் சுடுவதில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

இந்தப் பொடிகளின் எண்களில்தான் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. முழு முட்டைப் பொடி 0408 91. மஞ்சள்கருப் பொடி 0408 11. வெள்ளைக்கருப் பொடி? அது நான்காம் அத்தியாயத்திலேயே இல்லை. 31 அத்தியாயங்கள் தாண்டி, 3502 11 என்ற எண்ணில், பசை, ஜெலட்டின், என்சைம்கள் ஆகியவற்றோடு போய் உட்கார்ந்திருக்கிறது! அதன் ஜி.எஸ்.டி. விகிதமும் அந்த அத்தியாயத்துக்கு ஏற்றபடி உயர்ந்ததாகவே வைக்கப்பட்டது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. வெள்ளைக்கருவில் உள்ள புரதத்துக்கு அல்புமின் என்று பெயர். உணவுத் தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பே அல்புமின் ஒரு தொழில் இரசாயனமாக இருந்தது. பசையாகவும், திராட்சை மதுவைத் தெளியவைக்கவும், துணியில் சாயம் ஒட்டவைக்கவும் பயன்பட்டது. 1850-ல் பிரான்ஸ் நாட்டின் பிளாங்கார் எவ்ரார் வெள்ளைக்கரு பூசிய புகைப்படத் தாளை அறிமுகப்படுத்தினார். 19-ஆம் நூற்றாண்டின் புகைப்படங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட தாளில் அச்சானவை. அல்புமினை இரத்தத்திலிருந்தும் பாலிலிருந்தும்கூட எடுக்கலாம். எதிலிருந்து எடுத்தாலும் வேலை ஒன்றே என்பதால், எல்லா அல்புமின்களையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். இன்று கேக்கும் பிஸ்கட்டும் செய்யப் போகும் வெள்ளைக்கருப் பொடியும் அந்தப் பழைய முகவரியிலேயே தங்கிவிட்டது. மஞ்சள்கருவின் கதை இதற்கு நேர்மாறு. தோல் பதனிடுவதற்காக வாங்கினாலும் அது 0408-லேயே இருக்கிறது. எனக்கு இது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. ஆனால் எண்ணை மாற்றினால் எல்லா நாடுகளின் கணக்கும் மாற வேண்டும். ஆகவே பழைய முகவரிகள் எளிதில் மாறுவதில்லை.

0407-ம் 0408-ம் பறவை முட்டைகளுக்கு மட்டுமே. பட்டுப்பூச்சி முட்டை 0511. உண்ணத்தக்க மீன் சினை மூன்றாம் அத்தியாயம். பதப்படுத்திய காவியார் 1604. ஆமை முட்டைக்குக்கூட 0410-ல் இடம் உண்டு. ஆனால் இடம் இருப்பதால் அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளும் அவற்றின் முட்டைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், அதிகாரி வரியைக் கணக்கிடமாட்டார், வனத்துறையைக் கூப்பிடுவார்.

முட்டையைச் சுற்றியுள்ள பொருள்களுக்கும் எண்கள் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒருவர் முட்டையை எடைவாரியாகத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்து ஏற்றுமதி செய்தால் அது 8433 60. குஞ்சு பொரிக்கும் இயந்திரம் செய்தால் 8436 21. காகிதக் கூழில் வார்த்த முப்பது குழி அட்டைத் தட்டைக் காலியாக அனுப்பினால் 4823 70. அதே தட்டில் முட்டையை அடுக்கி அனுப்பினால், பட்டியலின் ஐந்தாவது பொது விதிப்படி, தட்டுக்குத் தனி எண் கிடையாது. அதுவும் முட்டையோடு சேர்ந்து 0407 21 ஆகிவிடும். பிளாஸ்டிக் தட்டுக்கு இது கட்டாயமல்ல. அது திரும்பத் திரும்பப் பயன்படக்கூடியது என்பதால் அதற்குத் தனிக் கணக்கு வைக்கலாம்.